எரிவாயு எடுக்கும் கரையில் டீசல் கணக்கு

இராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ ஒரு விசைப்படகின் வரவு செலவு நோட்டைப் பிரித்துப் பார்த்தால், செலவுப் பக்கத்தில் முதலில் எழுதப்பட்டிருப்பது டீசல்தான். ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஏற்று இறக்குக் கூலி எல்லாம் அதன் பிறகு வரிசையாக வரும். அவை அத்தனையையும் கூட்டினாலும் டீசல் தொகைக்குப் பக்கத்தில் வருவது அரிது. உறவினர் ஒருவரின் படகுக்கு நீண்ட காலமாகக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், எண்ணெய் விலை பற்றிய பேச்சு எனக்கு எப்போதும் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மீன் விற்ற பணத்திலிருந்து நடைச் செலவை, அதாவது ஒரு முறை கடலுக்குப் போய்வரும் செலவை, கழித்த பிறகே படகுக்காரரும் தொழிலாளர்களும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே டீசல் விலையேற்றம் படகு வைத்திருப்பவரின் தலைவலி மட்டும் என்று நினைப்பது தவறு. படகில் சொந்தமாக ஒரு பலகைகூட இல்லாதவரும், பங்கு பிரிக்கும் நேரத்தில் தன் பங்கிலிருந்தே அந்த ஏற்றத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

எவ்வளவு கொடுக்கிறார் என்பதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 65.71 ரூபாய், 2022 ஏப்ரலில் 100.94 ரூபாய். ஒரு நடைக்கு 300 லிட்டர் செலவாகும் படகு என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் ஒரே நடைக்கான எண்ணெய்ச் செலவு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கூடியிருக்கிறது. அதே காலத்தில் கடலில் மீன் கூடவில்லை. இறால் விலையை நிர்ணயிப்பது எங்கோ இருக்கும் ஏற்றுமதிச் சந்தை. இராமேஸ்வரத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் மோதிக்கொள்ளாமல் இருக்க வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துவைத்த ஏற்பாடும் மாறவில்லை. வரவுப் பக்கத்தில் எதையும் கூட்ட வழியில்லாத தொழிலில் செலவுப் பக்கம் மட்டும் இப்படி வளர்ந்தது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மீன்பிடிப் படகுகளுக்கு மாநில விற்பனை வரி இல்லாத டீசல் வழங்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், விசைப்படகுக்கான ஆண்டு அளவு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும் உயர்த்தப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தமிழ்நாட்டில் டீசல் மீதான வரி 11 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 9.62 ரூபாய் சேர்ந்தது. எனவே இந்த விலக்கு சிறிய உதவியன்று. ஆனால் அது மாநில வரியை மட்டுமே கழிக்கிறது. மத்திய கலால் வரியும் எண்ணெயின் அடிப்படை விலையும் அப்படியே நிற்கின்றன. விலை ஏறும்போது ஏறுவதும் பெரும்பாலும் அவை இரண்டும்தான். கொடுக்கும் அளவு போதவில்லை என்பது குறைதீர் கூட்டங்களில் படகுக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் இன்னொரு குறை.

இந்த நிலையில் கரையில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு. நம் மாவட்டத்து மண்ணுக்கு அடியிலேயே எரிவாயு கிடைக்கிறது. கமுதியில் வெயிலைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படியிருக்க எங்கோ இருக்கும் வளைகுடா நாட்டின் சண்டைக்கு இங்கே நாம் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும், நம் நாட்டிலேயே எடுத்தால் விலை குறைந்துவிடாதா என்பது அந்த வாதம். இதில் பாதியை நான் ஏற்கிறேன். உள்நாட்டில் எரிசக்தி எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் பெட்ரோல் பங்கில் டீசல் விலை குறையும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, யார் எந்தக் கிணறு தோண்ட வந்தாலும் விலையைக் காட்டியே நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் பங்கில் நாம் கொடுக்கும் விலை மூன்று அடுக்குகளால் ஆனது: உலகச் சந்தையை ஒட்டிய எண்ணெய் விலை, மத்திய வரி, மாநில வரி. விற்பவரின் கழிவும் போக்குவரத்தும் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியவை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் விலக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடு முழுவதும் வந்தது. இதன்படி உலக விலை இறங்கினால் இங்கும் இறங்க வேண்டும். 2020-ல் பெருந்தொற்றால் உலகம் முடங்கிக் கச்சா எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்த ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அடுத்த மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கலால் வரியை ஏற்ற, மொத்த மத்திய வரி 31.83 ரூபாய் ஆனது. இறங்கியிருக்க வேண்டிய விலை வரிக்குள் போய்ச் சேர்ந்தது. பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். அதன் பின் 2024 மார்ச் வரை, உலகச் சந்தையில் என்ன நடந்தபோதிலும், பங்கில் விலை பெரும்பாலும் அசையவே இல்லை. நாள்தோறும் மாறும் முறை சட்டப்படி இருந்துகொண்டே இருந்தது; தேர்தல் நெருங்கும்போது அது உறங்குவதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்கமாட்டார். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் வரி கூடியபோதும், உலக விலை இறங்கியிருந்ததால், வாங்குபவருக்கு அது தெரியவே இல்லை.

இதில் உள்நாட்டு எண்ணெய் எங்கே வருகிறது? இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மில்லியன் டன் கச்சா எண்ணெய் எடுக்கிறது. 2011-12-ல் இது 38 மில்லியன் டன்னாக இருந்தது. 1974-ல் கண்டறியப்பட்ட பம்பாய் ஹை போன்ற பழைய வயல்கள் வற்றிக்கொண்டே வர, அவற்றை ஈடுசெய்யும் அளவுக்குப் புதியவை கிடைக்கவில்லை. எண்ணெய்ப் பொருள்களின் ஆண்டுப் பயன்பாடோ 230 மில்லியன் டன்னைத் தாண்டிவிட்டது. தேவைப்படும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. நாளையே உள்நாட்டு உற்பத்தி இரண்டு மடங்கானாலும் பெரும்பகுதி இறக்குமதியாகவே இருக்கும். விலையை இறுதியாக நிர்ணயிப்பதும் அந்தப் பெரும்பகுதிதான்.

அதைவிட முக்கியமான ஒன்று, உள்நாட்டுக் கச்சா எண்ணெயும் சுத்திகரிப்பு ஆலைக்கு உலக விலையை ஒட்டியே விற்கப்படுகிறது என்பது. நம் மண்ணில் எடுத்தது என்பதற்காக அதற்குத் தனி விலை கிடையாது. 2022-ல் உக்ரைன் போரால் விலை ஏறியபோது, உள்நாட்டில் எடுப்பவர்களுக்குச் செலவு கூடாமலேயே வருமானம் கூடியது. அதைக் கண்டுதான் மத்திய அரசு அந்த ஜூலையில் அவர்கள்மீது தனியாக ஒரு மிகைலாப வரியை விதித்து, 2024 டிசம்பரில் விலக்கிக்கொண்டது. உள்நாட்டு உற்பத்தியின் ஆதாயம் எடுக்கும் நிறுவனத்துக்கும் அரசுக் கருவூலத்துக்கும் போகிறது. பங்கில் வரிசையில் நிற்பவருக்கு நேரடியாக வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் உள்நாட்டில் எதற்காக எடுக்க வேண்டும்? எடுக்காத ஒவ்வொரு டன்னுக்கும் டாலர் கொடுத்தாக வேண்டும். டாலர் தேவை கூடினால் ரூபாய் இறங்கும். ரூபாய் இறங்கினால் சமையல் எண்ணெயிலிருந்து படகு இன்ஜினின் உதிரிப்பாகம் வரை எல்லாமே விலை ஏறும். இது முதல் காரணம். இரண்டாவது, வழி அடைபட்டுவிடும் அச்சம். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட நாட்களில் உலகச் சந்தை பதறியது அதனால்தான். மூன்றாவது காரணத்தைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. அது எங்கள் மாவட்டத்திலேயே குழாய் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள வழுதூரில், தமிழ்நாடு மின்வாரியம் எரிவாயுச் சுழலி மின்நிலையம் ஒன்றை நடத்துகிறது. முதல் அலகு 95 மெகாவாட், இரண்டாவது 92.2 மெகாவாட். பெரியபட்டினம், கஞ்சிரங்குடிப் பக்கங்களில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி எடுக்கும் எரிவாயு இருப்பதால்தான் அந்த நிலையம் அங்கே வந்தது. எரிவாயுவின் குணம் எண்ணெயைப் போன்றதன்று. எண்ணெயை லாரியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும், இல்லையென்றால் வாங்குபவர் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார வேண்டும். நீண்ட காலம் இங்கே அப்படித்தான் இருந்தது. 2021 பிப்ரவரி 17 அன்று, இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் குழாய்ப்பாதையைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது முதல், வறண்ட காடு என்று பேர் வாங்கிய எங்கள் மண்ணின் எரிவாயு தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக் உர ஆலைக்குப் போகிறது. அதற்கு முன் அந்த ஆலை யூரியா தயாரிக்க நாப்தாவை நம்பியிருந்தது. நாப்தா கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கப்படுவது, விலை கூடியது.

உள்நாட்டு எரிசக்திக்கு என் கையில் உள்ள ஆக வலுவான வாதம் இதுதான். இறக்குமதி எண்ணெயிலிருந்து வந்த ஒரு பொருளின் இடத்தை மாவட்டத்து எரிவாயு பிடித்திருக்கிறது. அதிலிருந்து வரும் யூரியாவுக்கு உள்நாட்டிலேயே தேவை இருக்கிறது, போதாததற்கு நாடு யூரியாவை இறக்குமதியும் செய்கிறது. உள்நாட்டு எரிவாயுவில் பெரும்பகுதிக்கு விலை வரம்பும் உண்டு: பழைய வயல்களின் எரிவாயு விலை இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் பத்தில் ஒரு பங்கு என்றும், அதற்குக் கீழெல்லையும் மேலெல்லையும் இருக்கும் என்றும் 2023 ஏப்ரலில் விதி வந்தது. கச்சா எண்ணெய்க்கு இப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. எனவே எரிவாயு விஷயத்தில், உள்நாட்டில் எடுத்தால் பயன்படுத்துபவருக்கு விலை குறையும் என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்தப் பயன்படுத்துபவர் யார்? மின்வாரியம், உர ஆலை, குழாய் எட்டிய ஊர்களில் சிஎன்ஜி வாகனம் வைத்திருப்பவர். கிணற்றுக்குப் பக்கத்து ஊரில் இருப்பவருக்கு இதில் எதுவும் நேரடியாக வருவதில்லை. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரிய ராயல்டி, அதாவது எடுக்கும் நிறுவனம் செலுத்தும் உரிமைத்தொகை, மாநில அரசுக்குப் போகிறது. கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு. சுரங்கங்கள் உள்ள மாவட்டங்களுக்கு 2015-ல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கனிமம் வெட்டி எடுப்பவர் செலுத்தும் ராயல்டியோடு கூடுதலாக ஒரு பங்கு அந்த மாவட்டத்திலேயே செலவிடப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. எண்ணெயும் எரிவாயுவும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. நிலக்கரி வெட்டும் ஊருக்குக் கிடைப்பது எரிவாயு எடுக்கும் ஊருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதற்கு நியாயமான விடை எதையும் நான் இதுவரை படித்ததில்லை. ‘நாட்டு நலனுக்காக’ என்று சொல்பவர்கள் முதலில் இந்தச் சட்டத்தைத் திருத்தட்டும்.

பங்கு கிடைக்காத இடத்தில் கருத்தும் கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025-ல் கண்டோம். காவிரி டெல்டாவை 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் இயற்றி அறிவித்தபோது, இராமநாதபுரம் மாவட்டம் அதில் சேர்க்கப்படவில்லை. மானாவாரி மாவட்டத்துக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை. எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் நிலைமை அதுதான். இங்கே 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்த செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு சொல்ல நேர்ந்தது. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வுக் கிணறுகளின் வகைப்பாட்டை மாற்றி, அவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஆக்கியதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. ஆய்வுக் கிணறுதானே, எதுவும் கிடைக்காமலும் போகலாம், அதற்கு எதற்குக் கூட்டம் என்பது அவர்கள் வாதம். கிடைத்துவிட்டால் அதன் பிறகு கூட்டம் வைத்து என்ன பயன் என்பது எங்கள் கேள்வி. ஊரைக் கூட்டி, எவ்வளவு ஆழம், தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகும், ஊருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லியிருந்தால், எல்லாரும் எதிர்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வழுதூர்ப் பக்கம் எரிவாயுக் கிணறுகளோடு ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கிறது.

நிலத்தில் எடுப்பதை, இந்த நிபந்தனைகளோடு, ஆதரிக்கிறேன். கடலில் எடுப்பதை ஆதரிக்க முடியாது. மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள கடல் 1986-ல் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் இருப்பதால்தான் கரையோரத்தில் மீன் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக ஆக்கப்பட்டதும் அந்தக் கடற்புல்லை முன்னிட்டே. விபத்தே நடக்காது என்று யார் சொன்னாலும், 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஆட்கள் வாளியில் அள்ளியதைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். மாநிலத் தலைநகரின் வாசலில் அதுதான் நம் ஆயத்தம் என்றால், அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவுக்குப் பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது? பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் கரைவலை இழுப்பவர்களும், டீசல் செலவே இல்லாமல் அல்லது மிகக் குறைந்த செலவில் பிழைக்கும் மக்கள். எரிசக்தி வேண்டும் என்று சொல்லி, எரிசக்தியைக் குறைவாகச் செலவழிப்பவர்களின் தொழிலைக் கெடுப்பது முறையற்றது.

உப்பூர் கதையும் இதே வகை. திருவாடானைப் பக்கத்துக் கடற்கரையில் தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையத்தைத் தொடங்கினார்கள். குளிர்விக்கும் நீருக்காகப் பாக் விரிகுடாவுக்குள் பல கிலோமீட்டர் பாலம் போடும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. பிறகு மின்வாரியமே அந்த இடத்தை விட்டது. செலவழித்த பணம் போனதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆழம் குறைந்த, அலையடங்கிய அந்தக் கடலைச் சூடாக்காமல் விட்டதில் வருத்தமில்லை.

கமுதிக்கு வருவோம். 2016 செப்டம்பரில் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே அதுதான் பெரியது என்று சொன்னார்கள். ஏறத்தாழ 2,500 ஏக்கர், 4,550 கோடி ரூபாய், கட்டி முடிக்க எட்டு மாதம். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போன ஊரில் தகடுகளைத் துடைக்க இயந்திரக் கைகள். பெருமைதான். மின்வாரியம் அந்த மின்சாரத்தை யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்ற விலையில் நீண்ட கால ஒப்பந்தம் போட்டு வாங்கியது. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரத்துக்கான ஏலவிலை 2.44 ரூபாய்க்கு வந்துவிட்டது. விலை வேகமாக இறங்கும் தொழிலில் முந்திக்கொள்பவருக்கு நேரும் கதி இது. அவசரப்பட்டார்களா, துணிந்தார்களா என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடியில் உள்ள தகடு வெளிநாட்டிலிருந்து வந்தால் வெயில் மட்டும் உள்நாட்டுச் சரக்காக இருக்கும். 2022 ஏப்ரல் முதல் சூரியத் தகடுகளுக்கு 40 விழுக்காடு இறக்குமதி வரி போட்டதும், திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் திருப்பெரும்புதூர்ப் பக்கத்திலும் தகடு ஆலைகள் எழுந்ததும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. எண்ணெயை எரித்தால் மறுநாள் மறுபடி வாங்க வேண்டும். தகட்டை வாங்கினால் இருபத்தைந்து ஆண்டு ஓடும். டாலர் கணக்கில் அது பெரிய வேறுபாடு.

இருந்தாலும் கமுதி மின்சாரம் படகின் டாங்கிக்குள் இறங்காது. உள்நாட்டு எரிசக்தி பற்றி மேடைகளில் பேசுபவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். எவ்வளவு எடுக்கிறோம் என்று மட்டும் பேசுகிறார்கள். எந்த இடத்தில் டீசலை அது வெளியேற்றும் என்று பேசுவதில்லை. விசைப்படகை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. 300 லிட்டர் என்றால் ஆயிரம் யூனிட் வேலை. ஆயிரம் யூனிட் தேக்கி வைக்க வேண்டிய பேட்டரியின் எடை, இன்றைய தொழில்நுட்பத்தில், ஆறேழு டன் ஆகும். அதை ஏற்றிக்கொண்டால் ஐஸ் வைக்க இடமிருக்காது. கேரளத்தில் வைக்கம் அருகே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்படகு பயணிகளை ஏற்றிச் செல்கிறது என்று சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது காயலில், தெரிந்த தடத்தில், தெரிந்த நேரத்துக்குத் திரும்பும் படகு. வலை இழுக்கும் படகு எப்போது திரும்பும் என்று கடலுக்குத்தான் தெரியும். எனவே விசைப்படகுக்கு இன்னும் நீண்ட காலம் டீசல்தான்; அதற்கு வரிக்குறைப்பைத் தவிர வேறு நிவாரணம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

டீசலை வெளியேற்றக்கூடிய இடங்கள் வேறு. உப்பளம் அவற்றில் முதலாவது. வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகமே இயங்குகிறது; மாவட்டத்தில் தனியார் அளங்களும் நிறைய. உப்பு விளைவதே வெயில் காயும் மாதங்களில். அந்த மாதங்களில்தான் பாத்திக்கு நீர் ஏற்ற வேண்டும். சூரியத் தகடும் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். மழை தொடங்கினால் இரண்டுக்கும் ஓய்வு. இவ்வளவு பொருத்தமான ஜோடி வேறு எந்தத் தொழிலிலும் இல்லை. குஜராத்தின் சின்ன ரண் பகுதியில் உப்பு எடுக்கும் அகரியா மக்கள், வருமானத்தில் பெரும்பகுதியை டீசலுக்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அரசு மானியத்தோடு சூரியப் பம்புகளுக்கு மாறினார்கள். டீசல் இன்ஜின் ஓடும் நம் அளங்களில் அதைச் செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஐஸ் கம்பெனிகள். அவை மின்சாரத்தில் ஓடுபவை. ஆனால் மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மின்கட்டணம் ஐஸ் விலையில் ஏறுகிறது, ஐஸ் விலை நடைச் செலவில் வந்து உட்காருகிறது. கூரையில் தகடு போடப் பகல் முழுதும் இயங்கும் ஆலையைவிடத் தகுந்த இடம் எது? ஐஸ் என்பதே ஒரு வகையில் தேக்கி வைத்த மின்சாரம்தான். பகல் வெயிலில் உறைய வைத்ததை விடியற்காலையில் படகில் ஏற்றலாம், பேட்டரி தேவையில்லை. வீடுகளில் நிலைமை வேறு. 2024-ல் வந்த பிரதமரின் கூரைச் சூரியத் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் சிறிய வீட்டுக்கு அதில் என்ன ஆதாயம்? கரையோரத்துச் சிறு வீடுகள் அத்திட்டத்துக்கு ஏற்றவை அல்ல.

நாட்டுப்படகுகளில், கரைக்குப் பக்கத்தில் வலை போட்டுவிட்டுக் காலையிலேயே திரும்புபவை இருக்கின்றன. ஐந்து லிட்டர் எண்ணெயில் தொழில் முடிக்கும் வள்ளத்துக்குத் தேவைப்படும் பேட்டரி ஏறத்தாழ நூறு கிலோ அளவில் இருக்கும். செய்யக்கூடியதுதான். உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும், நடுக்கடலில் நின்றால் யார் சரிசெய்வது என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் மானியத்தை மட்டும் அறிவித்தால், இயந்திரங்கள் கரையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஊருக்கு ஒருவரையாவது பழுது பார்க்கப் பழக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். டீசல் இன்ஜின் இந்தக் கரையில் வேரூன்றியது மலிவாக இருந்ததால் மட்டுமன்று, ஒவ்வொரு ஊரிலும் மெக்கானிக் இருந்ததாலும்தான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் காற்றுக்குக் குறைவில்லை; தமிழகக் கடலில் 35 கிகாவாட் வரை காற்றாலை அமைக்க இயலும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காக 7,453 கோடி ரூபாய் ஆதரவு நிதியை ஒப்புக்கொண்டது. கிணறு தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கச்சான் காலத்தில் நிலத்துக் காற்றாலைகளும் சேர்ந்து உச்சத்தில் இருப்பதால் அந்த மின்சாரத்தை எங்கே கொண்டுபோவது என்பதும், தூண்களுக்கு இடையில் வலை போடலாமா கூடாதா என்பதும் முதலில் தீர வேண்டும்.

கரிமூட்டத்தை விட்டுவிட்டால் முதுகுளத்தூர்க்காரர்கள் கோபிப்பார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புவது எங்கள் மாவட்டத்தின் பழைய எரிசக்தித் தொழில். ஆனால் மரத்தின் சக்தியில் பெரும்பகுதி புகையாகவே போய்விடுகிறது; அதைப் பெருக்குவதற்கு நான் வாதாட மாட்டேன்.

மேலே சொன்னவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், என் யோசனை டீசல் வரிவிலக்கைச் சுற்றியே இருக்கிறது. நாட்டுப்படகுக்காரர் விரும்பினால், தனக்குரிய ஆண்டு லிட்டர் அளவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான தொகையை மின் இயந்திரத்துக்கோ, ஊர்ச் சங்கத்தின் ஐஸ் ஆலைக் கூரைத் தகட்டுக்கோ மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். விரும்பாதவருக்கு இப்போதுள்ளது தொடரட்டும். இதை நான் சொன்னபோது உறவினர் எதிர்த்தார்: “இன்னைக்கு விரும்பினா மாத்திக்கலாம்பாங்க, நாளைக்கு எல்லாருக்கும் வெட்டிருவாங்க. சமையல் கேஸ் மானியம் என்னாச்சு?” அவர் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பங்கு பிரிக்கும் தொழிலாளிக்கு லிட்டர் கணக்கு கண்ணுக்குத் தெரியும். திட்டத் தொகை தெரியாது. ஆகவே விசைப்படகின் 19,000 லிட்டரும் நாட்டுப்படகின் 4,400 லிட்டரும் குறைக்கப்படமாட்டா என்று அரசாணையிலேயே எழுதிவிட்டு, மாற்றிக்கொள்பவருக்கு மட்டும் கூடுதல் தொகை தரும் முறையில்தான் இதைத் தொடங்க முடியும். அந்தக் கூடுதல் தொகைக்கு, மாவட்டத்து எரிவாயுவிலிருந்து மாநிலத்துக்குப் போகும் ராயல்டியில் ஒரு பங்கை இங்கேயே நிறுத்தினால் போதும்.